வாய் திறந்து காத்திருப்போர் பற்றி வருங்காலச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சம்பந்தி என்று எழுதலாமா, வெறுமனே ‘ஐயா’ என்று போட்டு நிறுத்திக்கொள்ளலாமா என்று அரை மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தங்கள் கடிதத்தின் தொனிக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ஆனால் கை முந்திக்கொண்டு முதலாவதை எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும், ஆகவே அப்படியே இருக்கட்டும். இங்கே நானும் என் மகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும், தங்கள் மூட்டு வலி நீங்கலாக, சகல விதத்திலும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றே வரி. ஸ்டேஷன் மாஸ்டராக முப்பது வருடம் சுருக்கமாகப் பேசியே பழகியவர் தாங்கள், குறை சொல்ல மாட்டேன். “பத்திரிகையில் படம் பார்த்தோம். நீங்கள் இருப்பது மதமா, மர்மக் கும்பலா? மதமென்றால் ஆட்சேபணை இல்லை, கும்பலென்றால் சம்பந்தம் வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவள், “அப்பா, நீங்க ஒண்ணும் விளக்கவே வேண்டாம். கும்பல் இல்லைன்னு ஒரு கார்டுல எழுதிப் போடுங்க, போதும்” என்றாள். அவள் அம்மா உயிரோடிருந்தால் அந்தக் கார்டை அவளே எழுதியிருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதோடு இந்தப் பெண்ணுக்குத் தங்கள் மகனை ரொம்பவே பிடித்திருக்கிறது. என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிற பெண், ஒரு மாதமாக வீட்டுக்கு வந்தும் ஜன்னல் கண்ணாடியையெல்லாம் பாடிக்கொண்டே துடைக்கிறாள். இது முறிந்தால் காரணம் நான் ஒருவன்தான். அந்தப் பயத்தில் எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் இருபத்தாறு வருடமாக வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவன் என்பது பெண் பார்க்க வந்தபோதே தங்களுக்குத் தெரியும். டாக்டர் கிளினிக்கில் இல்லை என்பதை அப்போது சொல்லாமல் விட்டது என் தவறு. தாங்கள் கேட்கவில்லை, நானும் வலியச் சொல்லவில்லை. நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பதினேழாம் எண் உள்ளே போனார். அவர் இந்தத் தெருவிலேயே கடை வைத்திருக்கும் தையல்காரர். இடது பக்கக் கடைவாய்ப் பல்லைப் பாதி துளைத்த நிலையில் டாக்டர் மெஷினை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, “வாயைத் திறந்தபடியே இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் மேசையைக் கடக்கும்போது என்னிடம், “பார்த்துக்குங்க” என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஐந்து மணி வரை தையல்காரர் வாயைத் திறந்தபடியே இருந்தார். மூடலாமா என்று என்னைக் கையால் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன டாக்டரா? கடைசியில் ஒரு கொட்டாவி வந்து அதுவாகவே மூடிக்கொண்டது.

மறுநாள் ஒன்பதரைக்குக் கிளினிக்கைத் திறந்தேன். திறக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. பார்த்துக்கொள்ளச் சொன்னவர் எதுவரைக்கும் என்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தேன், உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு, “இன்னைக்கு டாக்டர் வரலை, நாளைக்கு வாங்க” என்றேன், எழுந்து போனார்கள். மறுநாளும் வந்தார்கள். இப்படியே ஒரு வாரம் போனதும் ஒரு விஷயம் கவனித்தேன். வலி என்று வந்தவர்கள் யாருக்கும் வலி இல்லை. தாங்களும் பல் டாக்டரிடம் போயிருப்பீர்கள். உள்ளே மெஷின் சத்தம் கேட்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவன் எப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். இங்கே அந்தச் சத்தம் இல்லை. மின்விசிறி ஓடுகிறது, நாற்காலி இருக்கிறது, கையில் எண் இருக்கிறது, யாரும் உள்ளே கூப்பிடப் போவதில்லை. இதைவிட நிம்மதியான இடம் இந்த ஊரில் வேறு எது? பிறகு பல்வலி இல்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். தூக்கம் வராதவர் ஒருவர், மூன்று மருமகள்கள் உள்ள ஒரு அம்மாள், வேலை போனதை வீட்டில் சொல்லாத ஒருவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே டோக்கனைக் காட்டி, “காத்திருக்கேன்” என்று சொன்னால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. மொத்தப் பல்லும் கழன்று செட்டு வைத்திருக்கும் கணக்கு வாத்தியார்கூடத் தினமும் வருகிறார்.

வாய் திறக்கும் விஷயத்துக்கு வருகிறேன், தங்களைக் கலங்கடித்தது அந்தப் படம்தானே. தையல்காரர் தினமும் பதினோரு மணிக்கு ஒரு பத்து நிமிடம் வாயைத் திறந்து வைத்துக்கொள்வார். டாக்டர் திடீரென்று வந்து, “நான் சொன்னது என்ன ஆச்சு?” என்று கேட்டால் பதில் வேண்டுமே என்ற பயம் அவருக்கு. தனியாக அப்படி உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, முகமெல்லாம் சிவந்துபோகும். அதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மரியாதைக்குத் தானும் திறந்தார். அவருக்குத் துணையாக அடுத்தவர். ஒரு மாதத்தில், தினமும் வருகிற முப்பத்தேழு பேரும் திறந்தார்கள். இதில் மர்மம் என்ன இருக்கிறது? நாலு பேர் எழுந்து நின்றால் நாமும் எழுந்து நிற்பதில்லையா? புதிதாக வருகிறவர்கள் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆரம்பித்ததும் வாத்தியார் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது கேட்க ஆளில்லை, இங்கே அமைதியாகக் கேட்கிறார்கள், அதுவும் வாயைத் திறந்துகொண்டு. சுவரில் பல் துலக்கும் முறை பற்றிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் “அழுத்தித் தேய்க்காதீர், வட்டமாகச் செல்க” என்று இருக்கும். அதை வைத்து அவர் ஒரு மணி நேரம் பேசுவார். சம்சாரத்தில் யாரையும் அழுத்தக் கூடாதாம், எதையும் சுற்றி வளைத்தே அணுக வேண்டுமாம். மூன்று மருமகள்கள் உள்ள அம்மாள் அதைக் கேட்டபின் வீட்டில் சண்டையே இல்லை என்கிறார்.

இந்த நிலைமையில்தான் போன மாதம் ஒரு நிருபர் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார். எடுத்த நேரம் பதினொன்று ஐந்து. “வாய் பிளக்கும் மர்மக் கும்பல்” என்று தலைப்பு. மூலையில் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி, பூசாரி மாதிரி நிற்பது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அது டோக்கன் டப்பா. அப்போது என் வாய் மூடியிருப்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். நான் ஊழியன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

பத்திரிகையில் வந்ததும் அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இப்படிப்பட்ட கூட்டங்களைப் பதிவு செய்வதே அவருடைய வேலை. தங்கள் கேள்விக்குச் சரியான பதில் அவரிடம்தான் இருக்கும் என்று எனக்கும் சந்தோஷம். படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்.

“தலைவர் யாரு?”

“டாக்டர்.”

“எங்கே அவர்?”

“வெளியே போயிருக்கார் சார்.”

“எப்ப வருவார்?”

“பத்து நிமிஷத்துல.”

“எப்பப் போனார்?”

“ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எழுதிக்கொண்டார். “உயிரோட இருக்காரா?” என்றார். தெரியவில்லை என்றேன். “அது தெரிஞ்சா எனக்கு வசதி. ஸ்தாபிச்சவர் உயிரோட இருந்தா கும்பல்னு போட்டுடுவோம். போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆச்சுன்னா மதம்” என்றார். வேறு வித்தியாசம் ஏதாவது உண்டா என்று தங்கள் கடிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டேன். “ஆபீஸ்ல ரெண்டு பீரோ இருக்கு சார். இடது பீரோ கும்பல், வலது பீரோ மதம். வலது பீரோவுல இருக்கிற ஃபைல் எல்லாம் ஒரு காலத்துல இடதுல இருந்ததுதான். எங்க அப்பாவும் இதே ஆபீஸ்தான், அவர் கையாலேயே நாலு ஃபைலை மாத்தி வச்சிருக்கார்” என்றார். அப்படி மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “வண்டி நிறுத்த இடம் வேணும். ஒரு கமிட்டி வேணும், அந்தக் கமிட்டியை எதிர்க்கிறதுக்கு இன்னொரு கமிட்டி வேணும். கும்பல்ல எல்லாரும் ஒரே பேச்சா இருப்பாங்க சார், அதுதான் ஆபத்து. அடிச்சுக்க ஆரம்பிச்சுட்டா நாங்க கவலைப்பட மாட்டோம்” என்றார். பிறகு அன்று வாத்தியார் பேசுவதைக் கேட்க உட்கார்ந்தவர் கால் மணி நேரத்தில் தூங்கிப்போனார். எழுந்ததும் அதையும் படிவத்தில் எழுதினார். கும்பலில் யாரும் தூங்கி அவர் பார்த்ததில்லையாம், எல்லோரும் கண்ணை அகல விரித்தபடி உட்கார்ந்திருப்பார்களாம். இங்கே தன்னையும் சேர்த்து ஒன்பது பேர் தூங்கியதை எங்களுக்குச் சாதகமாகக் குறித்துக்கொண்டு போனார்.

அவர் போன நேரமோ என்னவோ, அடுத்த வாரமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. தையல்காரர் கல்யாண வீடொன்றில் இடது பக்கமாக வைத்து மென்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தூக்கம் வராதவர் சொன்னார். அப்படியானால் பாதி துளைத்த பல்லை வேறு டாக்டரிடம் ரகசியமாக அடைத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்? கிளினிக்கே அதிர்ந்துபோனது. “ஒரு தடவை காட்டிடுங்களேன்” என்று வாத்தியார் கெஞ்சினார். தையல்காரர் அன்று பதினோரு மணிக்கு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, வாயை இறுக மூடிக்கொண்டார். முப்பத்தாறு பேர் திறந்திருக்க அவர் ஒருவர் மூடியிருந்ததைப் பார்த்தபோது எனக்கே என்னவோ செய்தது. இப்போது பல் அடைபட்டுவிட்டது என்பவர்கள் சுவரோரமாகவும், அடைபடவில்லை என்பவர்கள் ஜன்னலோரமாகவும் உட்காருகிறார்கள். தரப்புக்கொரு கமிட்டி. வேலை போனவர் இரண்டிலும் செயலாளர், அதனால் அவர் வீட்டில் இப்போது அவருக்கு மரியாதை கூடியிருக்கிறது. பக்கத்துக் காலி மனையில் வண்டி நிறுத்திக்கொள்ளவும் அனுமதி கிடைத்துவிட்டது. அதிகாரிக்கு இதையெல்லாம் எழுதிப்போட்டேன். “மிக்க மகிழ்ச்சி. கோப்பு தற்போது இரு பீரோக்களுக்கும் நடுவே தரையில் வைக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது. அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அரசாங்க முத்திரை இருக்கிறது, துணைவியாரிடமும் காட்டவும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் போன் செய்தார். எங்கோ கடற்கரைப் பக்கம் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். “முப்பது வருஷம் அடுத்தவன் வாய்க்குள்ளேயே இருந்துட்டேன், அன்னைக்கு வெளிய வந்தேன், அப்படியே வந்துட்டேன்” என்று சிரித்தார். கிளினிக்கை இன்னும் திறந்துதான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். “அடப்பாவமே. பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க, சாவியை ஜன்னல் மேல வச்சுடுங்க” என்றார். நான் அதைக் கூடத்தில் அப்படியே அறிவித்தேன். வாத்தியார் மட்டும் எழுந்து, “குரல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். “சந்தோஷமா இருந்தது” என்றேன். “அப்ப அது டாக்டர் இல்லை” என்றார். இரண்டு கமிட்டியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மறுநாள் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள், நானும் வழக்கம்போல டோக்கன் கொடுத்தேன்.

ஆக, சம்பந்தி அவர்களே, தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். தங்கள் ஸ்டேஷனில் எத்தனையோ நாள் வண்டி எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாகியிருக்கும். காத்திருக்கும் அறையில் ஜனங்கள் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். அவர்களை யாராவது கும்பல் என்றார்களா? பயணிகள் என்றுதானே சொன்னீர்கள்? எங்களுக்கும் வண்டி கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. கும்பலுக்கும் மதத்துக்கும் நான் கண்ட வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கும்பலில் எழுந்து போக விடமாட்டார்கள். எங்களிடம் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது, ஒரு வருடமாகக் கழன்று தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நானும்தான். திருமணம் முடியட்டும், அந்தச் சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிவேன். இது நான் தங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. என் பெண் தங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு குறையும் வைக்க மாட்டாள். அவள் வாயைத் தேவைக்கு மட்டும் திறக்கிறவள், தாங்களே பார்த்திருக்கிறீர்கள்.

துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் முழுப் பல்வரிசையோடும் வாழ வேண்டும் என்று மனமார வேண்டி, தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,

தங்கள் அன்புள்ள (அடுத்த சொல்லை அழித்துவிட மாட்டீர்கள் என்று நம்பும்)
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே கண்டதை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். தபாலில் சேர்க்க நேரமில்லாமல் புதன்கிழமையாகிய இன்றுவரை பையிலேயே இருக்கிறது. அதற்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை என் மகள் கிளினிக்குக்கு வந்தாள். கையில், பத்திரிகையில் படம் வருவதற்கு முன்பே தாங்கள் அச்சடித்து அனுப்பியிருந்த கல்யாண அழைப்பிதழ். “அப்பா, ஒரு நிமிஷம் பேசணும்” என்றாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “டோக்கன் எடுத்துக்கோம்மா, நம்பர் வந்ததும் பேசலாம்” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை. அவள் முப்பத்தொன்றாம் எண்ணை வாங்கிக்கொண்டு போய், இரண்டு கமிட்டிக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டரைக்கு அவள் எண்ணைக் கூப்பிட்டேன். நாற்காலியில் அழைப்பிதழ் மட்டும் இருந்தது. அடுத்த மாத முகூர்த்த நேரமான ‘புதன்கிழமை காலை ஒன்பதரை மணி’ என்பதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, “அன்னைக்காவது லீவு போடுங்கப்பா” என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து என் அக்கா வீட்டில் இருக்கிறாள். அவள் எழுந்து போனபோது யாரும் தடுக்கவில்லை, தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

நேற்றுக் காலை பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிவர வேண்டும் என்று எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். எட்டாம் எண்காரர் என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரைக்கு நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு யார் எண் கொடுப்பது? கல்யாணத்தன்றும் இப்படித்தான் ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே தங்கள் கேள்விக்கு நான் மேலே எழுதிய பதிலைத் திருத்திக்கொள்ளவும். மற்ற முப்பத்தேழு பேருக்கும் இது மதம்தான். கும்பல் என்று ஒன்று இருக்குமானால் அதில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். இதற்காக என் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவள் எழுந்து போகத் தெரிந்தவள்.

திரும்பி வந்தால் அவளைக் காக்க வைக்கக் கூடாது என்று ஒன்றாம் எண் டோக்கனை எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதனால் நேற்றும் இன்றும் எண்கள் இரண்டிலிருந்துதான் ஆரம்பமாயின. ஒன்று எங்கே போனது என்று கூடத்தில் பேச்சு எழுந்தது. வாத்தியார் அதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அது சரி என்றே பட்டிருக்கிறது, சுவரோரத்தில் இரண்டு பேர் அழுதார்கள்.